கேட்டைத் தாண்டி வந்த கோல் கம்பம்

திருமுடிவாக்கத்தில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. லேத்து, பிரஸ், வெல்டிங் செட்டு, மேலே போட்ட தகடு எல்லாம் என்னுடையவை. எதுவும் வாடகை இல்லை. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் தெருத்தெருவாக நடந்து பாருங்கள், பழைய வீட்டு ஜன்னல் கம்பியில் முக்கால்வாசி என் கை பட்டது. மறைமலை நகரில் கம்பெனிகள் வந்து இறங்கியபோது சாமான் அடுக்க ரேக் செய்து கொடுத்தவன் நான். சேலையூரில் மாடி வைத்த வீடு. மகன் இன்ஜினியர். மகள் காலேஜில் பாடம் நடத்துகிறாள். இத்தனைக்கும் நான் நாலாம் கிளாசோடு நின்றவன். அப்பா மணல் வண்டி ஓட்டினார், அதுவும் அடுத்தவர் வண்டி. எங்கள் வம்சத்தில் எனக்கு முன்னால் சொந்தமாக ஒரு ஸ்பானர் வைத்திருந்தவன் கிடையாது.

இதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் வந்து பார்க்கச் சொல்வேன். ஆனால் இதற்கெல்லாம் முன்னால், அறுபதுகளில், மீசை சரியாக முளைக்காத வயதில் நான் செய்த முதல் இரும்பு வேலை ஒன்று உண்டு. மேற்குத் தாம்பரம் மைதானத்தில் இன்றைக்கும் நிற்கிற கோல் போஸ்ட்டுகள். நாங்கள் அதைக் கம்பம் என்போம். நாலு காலும், மேலே குறுக்கே போகும் ரெண்டு பாரும் நான் செய்தது. அதை வேறொருவர் கொடுத்தது என்று இப்போது சொல்கிறார்கள். அச்சடித்தும் போட்டுவிட்டார்கள். அது எப்படி ஆனது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தாம்பரம் ஒரே ஊர் என்று ரயில்வே நினைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் மேற்கு, அந்தப் பக்கம் கிழக்கு, நடுவில் லெவல் கிராசிங் கேட். மேற்கில் ஜி.எஸ்.டி. ரோடு, காய்கறி மார்க்கெட், சைக்கிள் கடை, லோடு இறக்குகிறவர்கள், ஸ்டேஷன் போர்ட்டர்கள். கிழக்கில் மரம் வைத்த காலனி வீடுகள், வாத்தியார்கள், ஆபீசுக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமையானால் வெள்ளைச் சட்டை போட்டு சர்ச்சுக்குப் போகிற குடும்பங்கள். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஃபுட்பால் கிளப். அவர்களுக்கு பூட்ஸ் இருந்தது, காலர் வைத்த பனியன் இருந்தது. எங்களுக்கு வெறுங்கால். நான் அப்போது முடிச்சூர் ரோட்டு முனையில் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்கு இருந்தேன். டீமில் ஃபுல்பேக். என்னைத் தாண்டிப் பந்து போகலாம், ஆள் போக முடியாது. அதுதான் என் ஆட்டம்.

சைக்கிள் கடைக்காரன் இல்லாமல் அந்தக் காலத்தில் ஃபுட்பால் இல்லை. பந்துக்குள்ளே பிளாடர் என்று ஒரு ரப்பர்ப் பை இருக்கும். அது ஓட்டையானால் சொல்யூஷன் போட்டு ஒட்டவும், காற்றடித்து வாயைக் கட்டி உள்ளே திணிக்கவும், தோலை வாரால் இழுத்துத் தைக்கவும் எங்கள் கடைக்குத்தான் வரவேண்டும். கிழக்கு டீம் பந்தும் என்னிடம்தான் வந்தது. எதிரி பந்து என்று நான் காற்றுக் குறைத்து அனுப்பியதில்லை. தோற்கடிப்பதென்றால் ஒழுங்கான பந்தில் தோற்கடிக்க வேண்டும்.

பந்து ஒழுங்காக இருந்து என்ன? கோல் கம்பம் சவுக்குக் கட்டை. மேலே பாருக்குப் பதில் கயிறு. கயிறு நடுவில் தொங்கும். எங்கள் கோலி, அதாவது கோல்கீப்பர், ஸ்டேஷனில் போர்ட்டர், அவன்தான் கேப்டனும். பந்து உயரமாக வந்தால் ஒரு கையால் கயிற்றைக் கீழே இழுத்துவிட்டு "மேல பூட்ச்சு, மேல பூட்ச்சு" என்று கத்துவான். எதிர் டீம் சண்டைக்கு வரும். போதாததற்கு மார்கழிக் குளிரில் சவுக்குக் கட்டையை எவனாவது பிடுங்கிக்கொண்டுபோய் வெந்நீர் போட்டுவிடுவான். காலையில் மைதானத்தில் குழிதான் இருக்கும்.

கிழக்கு டீமின் கேப்டன் ஒரு ஸ்கூல் வாத்தியார். மெல்லிசான ஆள், சத்தம் போட்டே பேசமாட்டார், ஆனால் பந்தை வாங்கினால் நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுவார். ரெண்டு பக்கத்துக்கும் அவர் சார்தான். ஒரு நாள் பந்து வாங்க வந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, உங்க பக்கத்து கோல் எல்லாம் கயித்து கோல்தானே. எங்க பசங்க அதைக் கணக்குலயே சேர்க்கிறதில்லை."

கேலிதான். ஆனால் எனக்குச் சுருக்கென்று பட்டது. "சார், அடுத்த பொங்கலுக்கு இரும்பு கம்பத்துல கோல் வாங்குவீங்க" என்றேன்.

சொல்லிவிட்டேன், இரும்புக்கு எங்கே போவது? பல்லாவரத்துப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடை. அங்கே போர் கிணற்றிலிருந்து கழற்றிப் போட்ட பைப்புகள் கிடந்தன. கடைக்காரரின் மூன்று சக்கர வண்டிகள் எல்லாம் மூச்சிழுத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வார லீவிலும் போய் அவற்றுக்கு போல்டு மாற்றினேன், கோட்டம் எடுத்தேன், கிரீஸ் வைத்தேன். கூலியாகப் பைப்பு எடுத்துக்கொண்டேன். வெல்டிங் எனக்கு அப்போது தெரியாது. குரோம்பேட்டையில் ஒரு கேஸ் வெல்டிங் கடையில் சாயங்காலம் சாயங்காலம் போய் நின்றேன். அந்த மேஸ்திரி முதலில் விரட்டினார், அப்புறம் சிலிண்டர் உருட்டச் சொன்னார், அப்புறம் ஒரு நாள் டார்ச்சைக் கையில் கொடுத்தார். நான் முதன்முதலில் போட்ட வெல்டிங் அந்தப் பாரின் நடு ஜாயின்ட். பாருக்கு எட்டு கஜம் வேண்டும், பைப்பு அவ்வளவு நீளம் கிடைக்காது. ரெண்டு துண்டைச் சேர்த்து உள்ளே ஒரு சின்னப் பைப்பு கொடுத்து மேலே சுற்றி வெல்டு வைத்தேன். இன்றைக்குப் போய்த் தடவிப் பாருங்கள், கொஞ்சம் முண்டும் முடிச்சுமாகத்தான் இருக்கும். அழகில்லை. ஆனால் விட்டுக்கொடுத்ததில்லை.

சைக்கிள் கடை முதலாளிக்கு வயிற்றெரிச்சல். "பஞ்சர் ஒட்றவன் பாலம் கட்டக் கிளம்பிட்டான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். சொல்லட்டும்.

அந்தப் பொங்கலுக்கு ஏரிக்கரைப் பக்கம் இருந்த எங்கள் மைதானத்தில் தண்ணீர் வடியவில்லை. மேட்ச் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் கிழக்கு மைதானத்துக்குப் போயிற்று. அவர்களிடம் தரை இருந்தது, எங்களிடம் கம்பம் இருந்தது. கொண்டுபோய் நட்டோம். விளையாடினோம். தோற்றோம். அதை மறைக்க எனக்கு அவசியமில்லை, அந்த வருஷம் அவர்கள் நன்றாக ஆடினார்கள்.

மேட்ச் முடிந்து நாங்கள் கம்பத்தைப் பிடுங்கப் போனபோது அவர்கள் பையன்களில் ஒருத்தன், "அண்ணா, ஜெயிச்சது நாங்க. அடுத்த வருஷம் வரைக்கும் இங்கேயே இருக்கட்டுமே" என்றான்.

எங்கள் போர்ட்டர் கேப்டனுக்கு வாய் அடங்காது. "வெச்சுக்கோபா! ஜெயிச்சவன் ஊட்டாண்ட கீட்டும் கம்பம். ஆனா அடுத்த வாட்டி நீ தோத்தா, உன் தோள்ல தூக்கினு வந்து எங்க கிரவுண்ட்ல நட்டுக் குட்த்துட்டுப் போணும். சரியா?"

சார் கையை நீட்டினார். "சரி. தோத்தவங்க தூக்கணும். ரெண்டு பக்கத்துக்கும் அதே சட்டம்."

அவ்வளவுதான். எழுதி வைக்கவில்லை, கையெழுத்துப் போடவில்லை. அன்றிலிருந்து தாம்பரத்தில் அதுதான் வழக்கம். காணும் பொங்கலன்று மேட்ச். கம்பம் இருக்கிற மைதானத்தில்தான் ஆட்டம். கம்பத்தை வைத்திருப்பவன் தோற்றால், தோளில் சுமந்து கேட்டைத் தாண்டி எதிராளி மைதானத்தில் நட்டுவிட்டு, அவர்கள் வாங்கித் தரும் டீயைக் குடித்துவிட்டு, அவர்கள் பேசுகிற பேச்சை எல்லாம் கேட்டுவிட்டு வரவேண்டும். டீயைவிட அந்தப் பேச்சுதான் சூடாக இருக்கும்.

பீச் ஸ்டேஷனிலிருந்து வருகிற எலக்ட்ரிக் டிரெயினில் இறங்குகிறவன் முதலில் கேட்கிற கேள்வி, "கம்பம் எந்தப் பக்கம்?" சலூனில் அதே பேச்சு. மார்க்கெட்டில் கிழக்குப் பக்கத்து அம்மா ஒருவர் கத்தரிக்காய் பேரம் பேசினால், எங்கள் காய்க்காரி, "கம்பம்தான் இங்க கீதே, இன்னும் இன்னா குறைக்கணும் உனக்கு?" என்பாள். ஃபுட்பாலை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காதவள் அவள். பல்லாவரம், பெருங்களத்தூர் டீம்களோடு நாங்கள் ஆடாமல் இல்லை. அதெல்லாம் ஜெயித்தால் சந்தோஷம், தோற்றால் தூக்கம் வரும். கிழக்கோடு தோற்றால் தூக்கம் வராது.

கம்பம் அங்கேயும் இங்கேயும் போய் வந்தது. எழுபதுகள் பிறந்த பிறகு கிழக்கு தொடர்ந்து ஜெயிக்க ஆரம்பித்தது. அப்போதுதான் அந்த கான்ட்ராக்டர் உள்ளே வந்தார்.

அவர் கிழக்குப் பக்கத்துப் பெரிய மனிதர். வீடு கட்டித் தருகிற கான்ட்ராக்ட். கையில் காசும் இருந்தது, கொடுக்கிற மனசும் இருந்தது. ஆனால் எதைக் கொடுத்தாலும் அதன்மேல் பேர் இருக்கவேண்டும். பஸ் நிற்கிற இடத்தில் உட்காரக் கல் பலகை போட்டார், உட்காரும் இடத்தில் பேர். தண்ணீர்த் தொட்டி கட்டினார், தண்ணீருக்கு மேலே பேர். ஒரு கல்யாணத்துக்குச் சுவர்க் கடிகாரம் கொடுத்தார், அதில் மணி பார்க்கவே முடியாது, அவர் பேர் முள்ளை மறைக்கும். நம் ஊர் வழக்கம்தானே, டியூப் லைட் கொடுத்தால்கூட "உபயம்" எழுதிவிட்டுத்தான் எரிய விடுவோம்.

கிழக்கு டீம் வருஷா வருஷம் ஜெயித்த சந்தோஷத்தில் ஒரு டிசம்பரில் அவர் சிமெண்டு மூட்டைகளும் ஒரு கொத்தனாரும் அனுப்பினார். நாலு கம்பத்துக்கும் குழியில் கான்கிரீட் போட்டு, தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குப் பீடம் கட்டி, ஈரம் காய்வதற்குள் நாலு பீடத்திலும் கொத்துக்கரண்டியால் "உபயம்" என்று தம் பேரை எழுதச் சொல்லிவிட்டார். சார் அப்போது கிறிஸ்துமஸுக்குத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார். ஒவ்வொரு வருஷமும் ஊர்வலம் போகவேண்டிய கம்பத்தை எவனாவது சிமெண்டு போட்டுப் பூசுவானா?

மேட்சுக்கு முந்தின நாள் பாரின் போல்டுகளை முடுக்கிவிடப் போனேன். கம்பம் எந்தப் பக்கம் இருந்தாலும் அது என் வேலை. பார்த்தால், கல்யாண மண்டபத்துத் தூண் மாதிரி நிற்கிறது. கிழக்குப் பையன்கள் மதில்மேல் உட்கார்ந்து சிரிக்கிறார்கள்.

"என்னண்ணா, நல்லா ஸ்ட்ராங்கா இருக்கா?"

"ஆட்டிப் பாருங்கண்ணா. ஆடாது. இனிமே இது இங்கதான்."

"உங்களுக்கும் வருஷா வருஷம் ஆசைப்படற வேலை மிச்சம்."

நான் போல்டை முடுக்கிக்கொண்டே சொன்னேன்: "முன்ன கம்பம் மட்டும்தான் தூக்கணும். இப்ப சிமெண்டும் சேர்த்துத் தூக்கணும். உங்களுக்கே வேலையை ஜாஸ்தி பண்ணிக்கினீங்களேடா."

கேலியாகச் சொல்லிவிட்டு நேராக எங்கள் ஆட்களிடம் போனேன். என் கம்பத்தின் காலில் இன்னொருத்தர் பேர். அன்றைக்கு எங்கள் டீமுக்கு நான் சொன்னது ஒன்றுதான். நாளைக்குத் தோற்றால் கம்பம் நிரந்தரமாகப் போச்சு, அந்தப் பேரோடு போச்சு.

காணும் பொங்கல் சாயங்காலம். கிழக்கு மைதானத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. கரும்பைக் கடித்துத் துப்பித் துப்பி கோட்டுக்கு வெளியே தரையே தெரியவில்லை. முதல் பாதி முழுக்கப் பந்து எங்கள் பக்கம்தான். அவர்கள் சென்டர் ஃபார்வர்டு பூட்ஸோடு என் கட்டைவிரலில் ஏறினான். நகம் பெயர்ந்தது. துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவன் என்னைத் தாண்டவில்லை. எங்கள் கோலி போர்ட்டர் அன்றைக்குப் பிடித்த பிடி இருக்கிறதே, பெட்டி தூக்குகிற கை அது, பந்து ஒட்டிக்கொள்ளும்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்களுக்கு ஒரு கார்னர். மார்க்கெட்டில் பூ கட்டுகிற ஒருத்தன் எங்கள் சென்டர் ஃபார்வர்டு. எகிறித் தலையால் முட்டினான். பந்து பாரின் அடியில் பட்டு, டங்கென்று சத்தம் கேட்டு, நேராகக் கீழே விழுந்து வெளியே துள்ளியது. "கோல்!" என்று ஒரு பக்கம், "இல்லை, இல்லை" என்று ஒரு பக்கம். ரெஃப்ரி ஒரு டிரில் மாஸ்டர். விசிலை வாயில் வைத்துக்கொண்டு தயங்குகிறார். அடிதடிக்குக் கம்புகள் கிளம்பிவிட்டன, நான் பார்த்தேன்.

சார் கோல் வாயருகில்தான் நின்றிருந்தார். கையைத் தூக்கினார். "உள்ளேதான் விழுந்தது. கோல்தான்" என்றார். அவர் டீமே அவரை முறைத்தது. ரெஃப்ரி ஊதிவிட்டார். அதோடு மேட்சும் முடிந்தது.

ஜெயித்தாயிற்று. இப்போது கம்பம்? எங்கள் கேப்டன் ஓடிவந்து என் தோளைப் பிடித்தான். "மச்சான், உன் ஆக்சா பிளேடு எங்க? தரையோட வெச்சு அறுத்துடு. காலு அவங்களாண்ட இருக்கட்டும், கம்பம் நம்மளாண்ட வரட்டும்."

"அறுத்தா எட்டடி ஏழடியாயிடும்டா. அப்புறம் நாம போடற கோலை எல்லாம் குட்டிக் கம்பத்து கோல்னு சொல்லுவான். நான் அறுக்கமாட்டேன்."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"தோண்டணும்."

கடப்பாரை வந்தது, மண்வெட்டி வந்தது. அதற்குள் கான்ட்ராக்டரும் வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பீடத்தின்மேல் ஒரு காலை வைத்தார். "யார் இதுல கடப்பாரை வைக்கிறது? என் பேர் இருக்கு இதுல. உடைஞ்சா என்ன அர்த்தம்?"

கடப்பாரை பிடித்தவர்கள் பின்வாங்கினார்கள். அவரை எதிர்த்துப் பேச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. பாதிப் பேருக்கு வீடு கட்டித் தந்தவர். சார்தான் முன்னால் வந்தார். நெற்றியில் வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை. நிதானமாகச் சொன்னார்.

"சிமெண்ட் உங்க உபயம், அதுல சந்தேகமே இல்லைங்க. ஆனா கம்பம் இந்தத் தம்பி தன் கையால செஞ்சது. இன்னிக்குத் தோத்தது நாங்க. தோத்தவங்க தூக்கணும்னு நான் கை கொடுத்திருக்கேன். நீங்க சிமெண்ட்டுக்காகக் கோவிச்சுக்கலாம், நான் கை கொடுத்ததை மாத்த முடியாதுங்க."

இந்த வார்த்தை அன்றைக்கு மைதானத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. "இந்தத் தம்பி" என்றபோது அவர் விரல் என்னைத்தான் காட்டியது.

கான்ட்ராக்டர் பீடத்திலிருந்து காலை எடுத்தார். "சரி. ஆனா உடைக்காம எடுக்கணும். என் பேர்ல ஒரு கீறல் விழக்கூடாது."

அவர் பேரைக் காப்பாற்ற நினைத்தார், நான் பைப்பு நசுங்காமல் காப்பாற்ற நினைத்தேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒற்றுமை. மறுநாள் முழுக்க ரெண்டு டீமும் சேர்ந்து சுற்றிலும் மண் பறித்தோம். எங்கே வெட்டுவது, எந்தப் பக்கம் சாய்ப்பது, கயிறு எங்கே கட்டுவது எல்லாம் நான் சொன்னபடிதான் நடந்தது. நாலு கம்பமும் அடியில் கான்கிரீட்டோடு, பல்லைப் பிடுங்கினால் வேரோடு வருமே, அப்படி வந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச் ஆராதனை முடிந்ததும் ஊர்வலம். கிழக்கு டீம் போட்ட வெள்ளைச் சட்டையோடு அப்படியே வந்து தோள் கொடுத்தது. சார் முதல் கம்பத்தில் முன்னால், கனமான சிமெண்டுப் பக்கத்தில். வேண்டாம் சார், நடுவில் வாருங்கள் என்றேன். கேட்கவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். ஒரு பெரியம்மா தம் மகனைப் பார்த்து, "வீட்டுல ஒரு குடம் தண்ணி தூக்கச் சொன்னா முதுகு வலிக்கும், இப்ப மட்டும் வலிக்கலையா?" என்று கேட்டார். எங்கள் ஆட்கள் மேளம் அடித்துக்கொண்டு பின்னால்.

கேட் மூடியிருந்தது. கம்பத்தை இறக்கினால் மறுபடி தூக்குவது கஷ்டம், தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பையன் வலி தாங்காமல் ஒரு முனையை மேலே நிமிர்த்தப் பார்த்தான். கேட்மேன் கூண்டிலிருந்து பாய்ந்து வந்தார்.

"டேய், படுக்கப் போடு, படுக்கப் போடு! மேல கரண்டு கம்பி கீது. உங்க ஃபுட்பால் வெறிக்கு ரயில்வே பொறுப்பில்ல!"

எலக்ட்ரிக் டிரெயின் மெதுவாக வந்தது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் சிமெண்டுக் காலோடு கம்பத்தைச் சுமந்து நிற்பதைப் பார்த்து வாசலில் தொங்கிக்கொண்டிருந்த ஒருத்தன், "இன்னாபா, கம்பம் மேற்கால போவுதா? அடியில இன்னா, புத்து கட்டிக்கீது?" என்று கத்தினான். வண்டியே சிரித்தது. தூக்கிக்கொண்டிருந்த கிழக்குப் பையன்களும் சிரித்துவிட்டார்கள். சார் மட்டும் சிரிக்காமல், "ஒழுங்கா பிடிங்கப்பா" என்றார்.

எங்கள் மைதானத்தில் குழி வெட்டி, பீடம் ரெண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும்படி மட்டம் பார்த்து நானே நட்டேன். சிமெண்டோடு இறக்கியதால் முன்னைவிட உறுதியாக நின்றன. அவர்கள் சிமெண்டில் எங்கள் கம்பம் நிற்கிறது என்று அந்த வருஷம் முழுக்கப் பேசித் தீர்த்தோம். பீடத்தின் எழுத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒரு பேச்சு வந்தது. உள்பக்கம் திருப்பி மண் தள்ளிவிடலாம் என்றேன். எங்கள் கேப்டன் விடவில்லை. "அந்தப் பேரு தெரியணும்டா. அப்பத்தான் யாராண்டருந்து தூக்கினு வந்தோம்னு தெரியும். ரோட்டைப் பாத்து வை!"

எல்லோரும் கைதட்டினார்கள். எழுத்து ரோட்டைப் பார்த்தது. போகிறவன் வருகிறவன் எல்லாம் படித்துப் படித்துச் சிரித்தான். அது எங்கள் வெற்றிக் கல்வெட்டு.

கம்பம் அதற்கப்புறம் கேட்டைத் தாண்டவில்லை. அடுத்த வருஷம் கிழக்குதான் ஜெயித்தது. சார் வந்து ஒரு பீடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை உங்களால தூக்க முடியாது தம்பி. எங்க பசங்களுக்கு நாங்க வேற கம்பம் போட்டுக்கறோம்" என்றார். ஜெயித்தவர் சொன்னதால் அதில் எங்களுக்குக் குறைச்சல் இல்லை. அவர்களுக்கும் இரும்புக் கம்பம் நான்தான் செய்து கொடுத்தேன். அந்தச் சமயம் நான் சொந்தமாக வெல்டிங் கடை வைத்துவிட்டேன். இந்தத் தடவை ஜாயின்ட் வழவழவென்று இருந்தது.

வருஷங்கள் போயின. ஏரிக்கரையில் வீடுகள் வந்தன, மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் வந்தது. பேசிச் சிரித்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். சாரும் போய்விட்டார். கேலி செத்துப்போயிற்று, எழுத்து நின்றுவிட்டது. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பீடத்தைப் பார்த்தால் என்ன தெரியும்? உபயம், இன்னார். அவ்வளவுதான். எங்கள் கிளப்பின் ஆண்டு விழா மலரில் கம்பத்தின் படத்தைப் போட்டு, கீழே அந்த கான்ட்ராக்டர் பேரை எழுதி, அவர் மகனை மேடையில் கூப்பிட்டு சால்வையும் போர்த்திவிட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே கிளப் செயலாளரிடம் போனேன். நல்ல பையன், படித்தவன், மரியாதையாக நாற்காலி போட்டான். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "ஐயா, நீங்க சொல்றது உண்மையாத்தான் இருக்கும். ஆனா கம்பத்துல உங்க பேர் எங்கேயும் இல்லையே" என்றான்.

"ஏம்பா, சைக்கிள்ல பஞ்சர் ஒட்டினா டியூப்ல பேர் எழுதுவாங்களா?" என்று கேட்டேன். சிரித்தான். ஆனால் எதையும் மாற்றவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் போர்ட்டர் கேப்டன் சிங்கப்பெருமாள் கோவிலில் மகள் வீட்டில் இருக்கிறான். காது மந்தம், வாய் மந்தமில்லை. போய்க் கேளுங்கள், நடந்ததை உங்களுக்குக் கத்திச் சொல்வான். பூ கட்டினவன் இன்னும் மார்க்கெட்டில்தான் இருக்கிறான். பாரில் பட்டு விழுந்த பந்தைப் பற்றி அவனிடம் ஆரம்பித்தால் நீங்கள் கடையை விட்டு நகர முடியாது. அந்தப் பார் யார் செய்தது என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

கான்ட்ராக்டர் பேரை அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. சிமெண்டு அவர் கொடுத்தது, சிமெண்டில் அவர் பேர் இருக்கட்டும். அவர் மகனுக்குப் போர்த்திய சால்வையும் மகனிடமே இருக்கட்டும். இரும்புக்கு என் பேர் வேண்டும். கிளப்காரர்களே, மலரை மறுபடி அச்சடிக்க முடியாது என்றால் ஒரு திருத்தம் அச்சடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டுங்கள். வருகிற காணும் பொங்கல் மேட்சில் பந்தை உருட்டுவதற்கு முன்னால், மைக்கைப் பிடித்து, இந்தக் கம்பங்களைச் செய்தவர் மேற்கு டீமின் ஃபுல்பேக் என்று சொல்லி, என் பேரை முழுசாக, இனிஷியலோடு சொல்லுங்கள். நான் முன்வரிசையில் வந்து உட்காருவேன். சொல்லாமல் விசில் ஊதினால் எழுந்து கேட்பேன்.